பேர் சிவபாதம், நட்சத்திரம் ஆயிலியம்

அந்த அக்காவின் பெயரை நான் எழுதக்கூடாது. நாங்கள் சந்தித்த இடத்தின் முதல் சட்டமே அதுதான். அங்கே கண்டவரை வெளியே சொல்லக்கூடாது, அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது. பின்பாதியை இப்போது மீறப் போகிறேன், முன்பாதியையாவது காப்பாற்றுகிறேன். அதில் எனக்குப் பெரிய சிரமமும் இல்லை. பத்து மாதமாக எனக்குத் தெரிந்திருந்தது அவருடைய பெயரே அல்ல, அவருடைய கணவரின் பெயர். அதையும் மாற்றி, சிவபாதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல மானம் இடம் தராது. என் மகளின் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளை வாழ்த்திப் பேச எழுந்த நான், ஒன்றும் பேசாமல் மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் போய் இருந்துவிட்டேன். இருந்ததோடு நிற்காமல் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் வீடியோ இருக்கிறது.

கோயில் முறைப்படி கல்யாணம் அடுத்த வருஷம் என்று நாள் குறித்திருந்தது. மகள் என்னைச் சமையலறையில் நிறுத்தி வைத்துக் கதைத்தாள்.

"அப்பா, ஐம் சீரியஸ். கல்யாணத்துக்குள்ள ஒரு நாள் குடிச்சாலும் நீங்கள் தாரை வார்க்க ஏலாது. சித்தப்பாவும் சித்தியும் செய்வினம்."

பெற்றவன் குத்துக்கல்லாட்டம் இருக்க, அவன் தம்பி போய் நீர் ஊற்றிப் பெண்ணைக் கொடுத்தால் சனம் என்ன சொல்லும்? என் தம்பி இலண்டனின் மறுபக்கத்தில், டூட்டிங்கில் இருக்கிறான். மூன்றும் ஆண்பிள்ளைகள், தாரை வார்க்கும் பாக்கியம் இல்லாதவன். செய்தி காதில் விழுந்த கிழமையே அவன் பட்டு வேட்டி வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வந்த கோபத்துக்கு இரண்டு கிளாஸ் தேவைப்பட்டது. அதுதான் கடைசி இரண்டு கிளாஸ் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுத்தது அது ஐந்தாவது தடவை.

டொக்டரிடம் போனேன். அங்கிருந்த நர்ஸ் ஒரு தாளைத் தந்தாள். இலண்டனில் எங்கெங்கே, எந்தெந்த நாளில் குடியை விடுகிறவர்களின் குரூப் கூடுகிறது என்று அதில் இருந்தது. மற்றவர்கள் தங்கள் வீட்டுக்குக் கிட்ட எது என்று தேடுவார்கள். நான் எங்கள் ஆட்களுக்குத் தூர எது என்று தேடினேன். எட்மண்டன் சரிவராது. நான் இருப்பதே அங்கே, மூன்று தெருவுக்குள் நான்கு சொந்தக்காரர். டூட்டிங்கில் தம்பியும் அவனுடைய பட்டு வேட்டியும். கடைசியில் ஆர்ச்வேயில் ஒரு தேவாலயத்தின் கீழறையில், வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் ஒன்று அகப்பட்டது. ஆர்ச்வே என்றால் மேட்டில் முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை முருகனிடம் போகிற மனிதனை யார் என்ன கேட்பது? மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் உண்மையைச் சொன்னேன். மற்றவர்களுக்கு நான் திடீரென்று பக்திமானானேன். சாட்சிக்காக ஒவ்வொரு கிழமையும் குரூப் முடிந்ததும் மேடு ஏறிப்போய் விபூதி எடுத்துவர வேண்டியிருந்தது. "அண்ணைக்கு நல்ல மாற்றம்" என்று அயலட்டையில் கதைத்தார்கள். முருகன் என்ன நினைத்தாரோ தெரியாது.

முதல் வெள்ளி. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கதிரைகள் வட்டமாக. வெள்ளைக்காரர், கறுப்பர், ஒரு துருக்கிக்காரர். எங்கள் முகம் ஒன்றும் இல்லை என்று மூச்சுவிட்டேன். அப்போதுதான் மூலையில், தேத்தண்ணிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு நீலச் சேலையைக் கண்டேன். சேலைக்கு மேல் தடித்த ஜக்கெட், நெற்றியில் குங்குமம். ஒரு தட்டில் பிஸ்கட்டை வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார். சாமிக்குப் படைக்கிறவர்கள் அப்படித்தான் அடுக்குவார்கள்.

திரும்பி ஓடுவதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"தம்பி, கோயில் மேல," என்றார். "நேர ஏறிப் போம். இது வேற."

"ஓம் அக்கா. மாறி வந்திட்டன்."

"பூசைக்கு இன்னும் நேரம் கிடக்கு. வெளியில மழை. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

கோப்பையை வாங்கும்போது என் கை ஆடியது. அவர் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக் கேட்டார்.

"தம்பி பாவிக்கிறனீரோ?"

எங்கள் ஆட்கள் ஒருவனை முகத்துக்கு நேரே குடிக்கிறாயா என்று கேட்கமாட்டார்கள். பாவிக்கிறவரோ, அதாவது உபயோகிக்கிறவரோ என்றுதான் கேட்பார்கள், ஏதோ குளிக்கிற சவர்க்காரம் பாவிக்கிற மாதிரி. இருபத்தைந்து வருஷமாக அந்தக் கேள்விக்கு என் பதில் "இடைக்கிட" என்பதுதான். அன்றைக்கு ஏனோ "ஓம்" என்று வந்துவிட்டது.

"அப்ப இஞ்சதான். இரும்," என்று தனக்குப் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார்.

குங்குமம் வைத்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. குரூப்பை நடத்துகிறவரின் பெயர் பற்றிக். அயர்லாந்துக்காரர், வேலையில் இருந்த காலத்தில் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்லி, தான் குடிகாரன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழமைக் கதையைச் சொன்னார்கள். அக்காவின் முறை வந்தது. எழுந்து நின்று, கைகளைக் கோத்துக்கொண்டு சொன்னார்.

"நேம் சிவபாதம். ஸ்டார் ஆயிலியம். அல்ககோலிக்."

"ஹாய், சிவா," என்றது வட்டம் முழுவதும்.

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அர்ச்சனைத் தட்டை நீட்டி ஐயரிடம் பெயர் நட்சத்திரம் சொல்கிற அதே ராகம். ஸ்டார் என்பது அவருடைய நடுப்பெயர் என்று பற்றிக் நெடுநாள் நம்பியிருந்தாராம். அக்கா தொடர்ந்தார்.

"மண்டே நோ டிரிங்க். டியூஸ்டே நோ டிரிங்க். வெட்னஸ்டே ஹாஃப் பொட்டில். பாத்ரூம் ஃபோல். சிங்க் புரோக்கன்."

ஐந்தடி உயரமும் இல்லாத மனிசி. அரைப் போத்தில் குடித்து, விழுந்து, கை கழுவும் தொட்டியையும் உடைத்திருக்கிறார் என்று கேட்டு அந்த வட்டம் மிகுந்த மரியாதையோடு தலையாட்டியது.

குரூப் முடிந்து மேட்டில் ஏறும்போதுதான் கேட்டேன்.

"அக்கா, நீங்கள் உண்மையா..."

"சீ. நான் சீவியத்தில தொட்டதில்லை. அது அவர்."

"அவர் எங்க?"

"வீட்டில. ஷிப்ட் முடிஞ்சு வந்தால் அவருக்குக் களைப்பு. ஆக்களுக்கு முன்னால கதைக்கவும் வெக்கம். அதுதான் அவருக்காக நான் வாறன்."

"நீங்கள் வந்தால் அவருக்கு எப்பிடி அக்கா சுகம் வரும்?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது.

"தம்பி, பால் குடிக்கிற பிள்ளைக்கு வருத்தமெண்டால் மருந்து ஆருக்கு? தாய்க்கு. பத்தியம் ஆருக்கு? தாய்க்கு. பிள்ளைக்குச் சுகம் வருதோ இல்லையோ?"

"வருது."

"பிறகென்ன," என்று சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினார்.

பிள்ளைக்கு அறுபத்தொரு வயது அக்கா என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. மேட்டில் மூச்சும் வரவில்லை.

அந்த அக்காவுக்கு எல்லாமே அப்படித்தான். மகன் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதிய மூன்று வருஷமும் அவர் இனிப்பை வாயில் வைக்கவில்லை. "அவன் பாஸ். எனக்குச் சுகர் குறைஞ்சுது," என்றார். அவருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கிழவிக்கு முழங்காலில் ஒப்பரேஷன் என்று தெரிந்ததும் அக்கா நூற்றெட்டுத் தரம் கோயிலைச் சுற்றுவதாக நேர்ந்து, சுற்றியும் முடித்தார். "அந்த மனிசியின்ர முழங்கால் நல்லா வந்திட்டுது தம்பி. என்ரதுதான் பழுதாப்போட்டுது." இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிவந்த திருப்தியோடுதான் சொன்னார். கணவரின் ஈரல் கொழுத்துவிட்டது, எண்ணெய்ச் சாமான் கூடாது என்று டொக்டர் சொன்ன நாளில் இருந்து அக்கா வடை, பொரியல், முறுக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கணவர் விடவில்லை. அக்காவின் பங்கும் அவருக்கே போனது.

பற்றிக்குக்கு அக்கா குடிக்கிறவர் இல்லை என்பது முதல் நாளே தெரியும். நாற்பது வருஷம் குடித்தவனின் மூக்குக்குத் தெரியாதா என்று என்னிடம் சொன்னார். அவரில் கற்பூர வாசம்தான் வந்ததாம். ஆனால் வருகிறவரைப் போகச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இதே அறையில் செவ்வாய்க்கிழமைகளில் குடிக்கிறவர்களின் வீட்டுக்காரருக்கென்று வேறொரு குரூப் கூடுகிறது, அதை அவருக்கு உங்கள் மொழியில் விளங்கப்படுத்து என்றார். விளங்கப்படுத்தினேன்.

"செவ்வாயோ? அது ஆருக்கு?"

"வீட்டில குடிக்கிற ஆள் இருக்கிற ஆக்களுக்கு. உங்களுக்கு அக்கா."

"எனக்கென்ன வருத்தம்? எனக்கொண்டும் இல்லை," என்றார். "வருத்தம் அவருக்கு. அவருக்கு வெள்ளிதான்." சொல்லிவிட்டு, பாவம் கரிசனையாகக் கேட்ட மனிதன் என்று பற்றிக்கின் தட்டில் இன்னொரு பிஸ்கட் வைத்தார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இன்று முதல் புதிதாகத் தொடங்குகிறவர் யாராவது உண்டோ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்கள். எழுந்து போகிறவருக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை கொடுத்துக் கைதட்டுவார்கள். மற்றவர்கள் வாழ்க்கையில் ஒருதரமோ இரண்டுதரமோ அதை வாங்குவார்கள். அக்கா ஒவ்வொரு வெள்ளியும் எழுந்து போனார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணவர் ஒவ்வொரு திங்களும் புதிதாகத்தான் தொடங்கினார். வில்லைகளை வீட்டுக்குக் கொண்டுபோய், சந்தனம் குங்குமம் வைத்து, சாமியறையில் வரிசையாக ஒட்டி வைத்தார். அவரால் பற்றிக் இன்னொரு பை வில்லை வாங்க வேண்டிவந்தது.

என்னையும் அவர் சும்மா விடவில்லை. இரண்டாம் கிழமையே, என் முறை வந்து நான் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அவர் எழும்பிவிட்டார்.

"ஹி ஷை. டோட்டர் மேரேஜ் கமிங். டிரிங்க் மீன்ஸ், பிரதர் டூ மேரேஜ். ஸ்டார் கேட்டை."

பத்து மாதமும் எனக்காக அவர்தான் கதைத்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. நேர்மையாகச் சொல்கிறேன், அது எனக்கு நல்ல வசதியாக இருந்தது. ஒருவர் எனக்காக எழுந்து நிற்கிறார், ஆங்கிலத்தில் வெட்கப்படுகிறார், நான் தேத்தண்ணி குடிக்கிறேன். நான் குடிக்காமல் இருந்ததும் உண்மைதான். தம்பியின் பட்டு வேட்டியை நினைத்து நினைத்தே இருந்தேன்.

ஒருமுறை அவர் மறந்து விட்டுப்போன குடையைக் கொடுக்க அவருடைய வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை மத்தியானம். சிவபாதம் அண்ணைதான் கதவைத் திறந்தார். நான் ஒரு கரடுமுரடான மனிதரை எதிர்பார்த்திருந்தேன். இவர் வழித்து வாரிய தலையும் தோய்த்த வெள்ளைச் சேட்டுமாக, கோயில் தர்மகர்த்தா மாதிரி இருந்தார். நல்ல மனிதர், நல்ல பேச்சு. குசினியில் வடை பொரிகிற சத்தம் கேட்டது.

"வாரும், இரும். நீர்தான் அந்தக் குரூப்பில வாற தம்பியோ? அவ சொல்லுறவ." சாய்மனைக் கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். "அங்க என்னைப் பற்றி என்ன சொல்லுகினம்?"

"நல்லாத்தான் அண்ணை சொல்லுகினம்."

"முன்னேற்றம் இருக்கெண்டு அவவும் சொல்லுறா. போன கிழமை எனக்குக் கைதட்டினவையாமே." அவருக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு மரியாதை தவறியவர் போல் திடுக்கிட்டு, "தம்பி பாவிக்கிறனீரோ? ஒண்டு எடுக்கட்டோ?" என்றார்.

எப்படி அந்த வீட்டை விட்டு வெளியே வந்தேன் என்று தெரியாது. வடையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அக்கா வாசல்வரை வந்து குடைக்கு நன்றி சொன்னார். கையில் எண்ணெய், முகத்தில் வேர்வை. அவர் ஒரு வடையும் தின்றிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்தைவிட, எனக்காகவும் அக்காதானே கதைக்கிறார் என்ற எண்ணம்தான் கூடக் குத்தியது. குத்தியும் என்ன, அடுத்த வெள்ளியும் நான் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணக் கிழமைக்கு முந்திய இரண்டு வெள்ளியும் அக்கா வரவில்லை. தடிமன், காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். அழைப்பிதழை "திரு. திருமதி சிவபாதம்" என்று எழுதித் தபாலில் அனுப்பினேன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, வீடு நிறைந்த சனம். பிரான்ஸ், ஜெர்மனி என்று எல்லாரும் வந்து இறங்கிவிட்டார்கள். ஜெர்மனியில் இருந்து வந்த மனைவியின் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, கடதாசியில் சுற்றிய ஒரு போத்திலைக் கையில் வைத்தார். "பொம்பிளையின்ர தகப்பன் நீர். சந்தோசமா இரும் மச்சான்," என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோட்டத்துக் கொட்டிலுக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, ஒரு பெயின்ட் வாளியின் மேல் இருந்தேன். கடதாசி தானாகக் கழன்றது என்று சொல்லத்தான் ஆசை. நான்தான் கழற்றினேன்.

மூடியில் கை வைத்தபடி மற்றக் கையால் அக்காவுக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, இண்டைக்கு வீடு முழுக்கச் சனம். என்னால வர ஏலாது. எனக்காகவும் ஒருக்காப் போய் இருந்திட்டு வாங்கோ. இண்டைக்கு மட்டும்."

"எங்க நிக்கிறீர்?"

"கொட்டிலுக்குள்ள."

"கையில என்ன?"

"போத்தில்," என்றேன். சரி தம்பி போறன் என்று சொல்லப்போகிறார் என்றுதான் காத்திருந்தேன். அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏலாது," என்றார்.

"அக்கா?"

"நான் வெள்ளிக்குப் போறேல்லைத் தம்பி. செவ்வாய்க்கு மாறிட்டன்."

பிறகு நடந்ததைச் சொன்னார். மூன்று கிழமைக்கு முதல் ஒரு வெள்ளி, வழக்கம்போல வில்லையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். கணவர் கிளாஸைக் கையில் பிடித்தபடி, "இண்டைக்கு என்னவாம், நான் நல்லா முயற்சி செய்யிறனாமோ?" என்று கேட்டிருக்கிறார்.

"அந்தாள் கேட்ட கேள்வியில எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சுச் சிரிச்சுப் போய்ப் படுத்தன். விடியத்தான் அழுகை வந்தது. ஒரு வருஷமா ஆர் தம்பி குடியை விட்டது? குடிக்காத நான் விட்டிருக்கிறன். குடிக்கிற ஆள் அப்பிடியே இருக்கு. செவ்வாய் போனன். என்ர பேரைச் சொன்னன். நட்சத்திரம் ஒருத்தரும் கேட்கேல்லை."

அப்போதுதான் தன் பெயரை எனக்குச் சொன்னார். சின்னப் பெயர், வடிவான பெயர்.

"உமக்காக நான் போறது பெரிய வேலையில்லை," என்றார். "ஆனால் போறது நான்தானே. நீர் கொட்டிலுக்குள்ளதானே இருப்பீர்."

"அப்ப போத்திலை என்ன செய்யிறது அக்கா?"

"அது எனக்குத் தெரியாது. முந்தியெண்டால் நானே வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பன்," என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, ஒரு மனிதனை இப்படியா கைவிடுவது? ஊரில் எல்லாருடைய முழங்காலுக்கும் சுற்றியவர், எனக்கு மட்டும் ஏலாதாம். அந்தக் கோபத்தோடு இன்னும் கொஞ்சநேரம் வாளியின் மேல் இருந்தேன். தாரை வார்க்கப் போவது யார் என்பது அந்த மூடியில்தான் இருந்தது. அதை எனக்குப் பதிலாகத் திறக்காமல் விட அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. போத்திலைக் கடதாசியில் திரும்பச் சுற்றிக்கொண்டு எழும்பினேன்.

மச்சானைத் தேடிப் பிடித்து அதைக் கையில் கொடுத்தேன்.

"மச்சான், நான் இப்ப பாவிக்கிறேல்லை."

"எப்ப தொடக்கம்?"

"பத்து மாசம்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்று மனம் வருந்தி, அதைத் தன் சூட்கேஸில் வைத்தார்.

கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டேன். தம்பியின் மனைவி குசினிக்குள் இருந்து, "எங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டிட்டு வாங்கோ அத்தான்," என்றாள். "அது ஏலாது, அவரவர் போய்க் கும்பிட வேணும்," என்றேன். கல்யாண வீட்டில் ஏன் இந்த மனிதன் எரிந்து விழுகிறான் என்று பார்த்தாள். இரண்டு பஸ் மாறி ஆர்ச்வேக்குப் போனேன். பிஸ்கட்டை யாரோ பெட்டியோடு மேசையில் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. என் முறை வந்தபோது பற்றிக் என்னைத் தாண்டி அடுத்தவரைப் பார்த்தார். அவ்வளவுக்குப் பழகிப்போயிருந்தது. நான் எழும்பி என் பெயரைச் சொன்னேன். குடிகாரன் என்றும் சொன்னேன். இரண்டையும் சொல்ல இவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. என் குரல் இப்படி இருக்கும் என்று தான் நினைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் தடித்த குரலாக எதிர்பார்த்தேன் என்று பற்றிக் பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் தாரை வார்த்தேன். மனைவி நீர் ஊற்ற, மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தேன். என் கை ஆடவில்லை. மகள் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் அழுதாள். நான் அழவில்லை, யாருடைய மடியிலும் போய் இருக்கவும் இல்லை. தம்பி பட்டு வேட்டியோடு முன்வரிசையில் இருந்தான். பாவம், நல்ல விலை வேட்டி. அன்றைக்கு அவனைப் பார்க்க எனக்கு முதல்தடவையாகப் பாசம் வந்தது.

அக்காவும் சிவபாதம் அண்ணையும் சோடியாகத்தான் வந்திருந்தார்கள். அண்ணை மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்திவிட்டு, சற்று நேரத்தில் காணாமல் போனார். எங்கள் கல்யாணங்களில் மண்டபத்துக்குள் மதுபானம் இல்லை, எல்லாம் மரக்கறிச் சாப்பாடுதான். ஆனால் கார் பார்க்கில் யாராவது ஒருவரின் காரின் பின்பக்கப் பூட் திறந்திருக்கும். அதைச் சுற்றி ஆண்கள் நின்று வெகு மும்முரமாக அரசியல் கதைப்பார்கள். ஜெர்மனி மச்சானின் போத்திலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

அக்கா சாப்பாட்டு மேசையில் தனியாக இருந்தார். நானே பரிமாறப் போனேன். சோறு, ஐந்து கறி, பருப்பு, அப்பளம். எல்லாவற்றையும் வாங்கினார். வடைத் தட்டை நீட்டத் தயங்கினேன். அவரே இரண்டு எடுத்துக்கொண்டார்.

அப்போது என் தம்பி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, உங்கட மிஸ்டருக்குக் கார் பார்க்கில கொஞ்சம் கூடிப்போச்சு. பேவ்மென்ட் கட்டில இருந்துகொண்டு எழும்பமாட்டனெண்டு நிக்கிறார். ஒருக்கா வாங்கோ."

அக்காவின் கை இலையில் நின்றது. முப்பத்தைந்து வருஷம் எழும்பிப் பழகிய உடம்பு, அவர் நினைக்காமலே அரைவாசி எழும்பியும் விட்டது. நான் அதைக் கண்டேன். பிறகு திரும்பக் கதிரையில் மெல்ல இருந்தார்.

"அடி கிடி பட்டதோ?"

"இல்லை அக்கா. பாடுறார்."

"அப்ப ஒரு டாக்ஸியில ஏத்தி விடும் தம்பி. விலாசம் அவருக்குத் தெரியும்."

தம்பி என்னைப் பார்த்தான். "நான் போய்ப் பாக்கட்டோ அக்கா?" என்று கேட்டேன்.

"நீர் போகாதையும். பூட் திறந்த இடத்தில உமக்கென்ன அலுவல்?" என்றார். "இரும். நீர் இன்னும் சாப்பிடேல்லை."

இருந்தேன். எனக்கும் ஒரு இலை வந்தது. இருவரும் சாப்பிட்டோம். பாயாசம் கொண்டு வந்தவர்களிடம் அவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்தார். ஒன்றை அண்ணைக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்து, மூடிவைக்க ஏதும் எடுத்துவரட்டோ என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றார், முதல் கோப்பையை முடித்துவிட்டு மற்றதை எடுத்தபடி. "இதுவும் எனக்குத்தான்."